பன்னிரண்டே முக்காலுக்கு அப்பால்

வருமான வரியைப் பற்றி எங்கள் பக்கத்து டீக்கடைகளில் உலவும் கதைகளில் ரொம்பப் பழையது இது: சம்பளம் கொஞ்சம் கூடி அடுத்த ஸ்லாபுக்குள், அதாவது அடுத்த வரி விகிதப் படிக்குள், கால் வைத்துவிட்டால், மொத்தச் சம்பளத்துக்கும் புது சதவீதத்தில் வரி பிடித்துவிடுவார்களாம். தண்டையார்பேட்டையில் நான் கேட்டு வளர்ந்த கதை. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் இதை நம்பி ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்வதுண்டு.

நான் ராயபுரத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறவள். ஆடிட்டர் இல்லை. ஆனாலும் ஜனவரி பிறந்து, கம்பெனிகளிலிருந்து 'ப்ரூஃப் கொடுங்க' என்று மெயில் வர ஆரம்பித்தால், தெருவில் பாதிப் பேர் சம்பளச் சீட்டோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எதிர்வீட்டு அண்ணனும் அப்படித்தான் வந்தார். மணலியில் ஒரு ஆலையில் ஆபரேட்டர். "இன்னாமா, ஓ.டி. பாத்தா ஸ்லாபு மாறி, கீறதும் பூடும்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில், "அதெல்லாம் சும்மா அண்ணே" என்பதுதான். ஆனால் அவருடைய தொகைக்குக் கணக்குப் போட்டால், இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், டீக்கடைக் கதை கிட்டத்தட்ட உண்மை. காரணம்தான் வேறு. அந்தக் காரணத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்லாப். மெட்ரோ வாட்டர் லாரிக்கு வரிசையாகக் குடம் வைத்த ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். முதல் குடம் நிரம்பினால்தான் குழாய் இரண்டாவதுக்குப் போகும். நாலாவது குடத்தில் தண்ணீர் விழுகிறது என்பதற்காக முதல் குடத்துத் தண்ணீர் குறையாது. வருமானமும் அப்படித்தான் குடம் குடமாக நிரம்புகிறது. ஒவ்வொரு குடத்துக்கும் தனித்தனி சதவீதம். வரிக்கு இரண்டு முறைகள் உண்டு: சேமிப்பு, வாடகை என்று பல கழிவுகள் காட்டுகிற பழைய முறை; அவை பெரும்பாலும் இல்லாமல், சதவீதம் குறைவாக இருக்கிற புதிய முறை. 2025-26 நிதியாண்டில், புதிய முறையில், முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, பிறகு 15, 20, 25 என்று நாலு நாலு லட்சமாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 30.

இதை ஒவ்வொரு முறையும் பெருக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குடமும் நிரம்பும் இடத்தில் அதுவரை சேர்ந்த வரி எவ்வளவு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 8 லட்சத்தில் 20,000. 12 லட்சத்தில் 60,000. 16 லட்சத்தில் 1,20,000. 20 லட்சத்தில் 2,00,000. 24 லட்சத்தில் 3,00,000. உங்கள் தொகைக்குக் கீழே இருக்கிற எண்ணை எடுங்கள்; மிச்சத்துக்கு மட்டும் அந்த ஸ்லாபின் சதவீதத்தைப் போடுங்கள்; கடைசியில் வந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ்ஸைச் சேருங்கள். சம்பளக்காரர்களின் வரி மதிப்பீட்டில் முக்கால்வாசி இதோடு முடிந்தது. அரைக் கோடிக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் வரி உண்டு. எங்கள் திண்ணைக்கு அப்படி யாரும் வந்ததில்லை.

ஸ்லாபைத் தொடுவதற்கு முன்னால் கழிக்க வேண்டியது ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன். சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர்களுக்கு, ரசீது, பில் எதுவும் கேட்காமல் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். பழைய முறையில் இது 50,000. இந்தக் கழிவுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 2005 பட்ஜெட்டில் இதை எடுத்தார்கள். 2018-இல் 40,000 ஆகத் திரும்பக் கொடுத்தார்கள். சந்தோஷப்பட்டவர்கள் அடுத்த வரியைப் படிக்கவில்லை: அதுவரை வரியில்லாமல் கிடைத்த போக்குவரத்துப் படி 19,200, மருத்துவச் செலவு 15,000 இரண்டையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டார்கள். ஆக உண்மையில் கூடியது 5,800 ரூபாய். அதே பட்ஜெட்டில் செஸ்ஸும் 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. அடுத்த வருஷம் 50,000, 2024 ஜூலையில் புதிய முறைக்காரர்களுக்கு 75,000. இப்போது உண்மையிலேயே பயனுள்ள தொகைதான், மறுக்கவில்லை.

ஆகவே சம்பளம் 15 லட்சம் என்றால், 75,000 போக 14,25,000. கீழே இருக்கும் எண் 12 லட்சத்துக்கு 60,000. மிச்சம் 2,25,000-க்கு 15 சதவீதம் 33,750. கூட்டினால் 93,750. செஸ் 3,750. மொத்தம் 97,500. "நான் 15 பர்சென்ட் ஸ்லாப்ல இருக்கேன்" என்று இவர் சலித்துக்கொள்வார். ஆனால் மொத்தச் சம்பளத்தில் அவர் கட்டுவது ஆறரை சதவீதம்தான். அந்த 15, கடைசியாக விழுந்த குடத்துக்கு மட்டும்.

இதுவரை டீக்கடைக் கதை தப்பு. இனிமேல்தான் எதிர்வீட்டு அண்ணன் வருகிறார்.

புதிய முறையில் கழிவெல்லாம் போக வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், ஸ்லாப்படி வந்த 60,000 வரை முழுத் தள்ளுபடி. ரிபேட், 87ஏ பிரிவு. அதனால்தான் சம்பளக்காரருக்குப் 'பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி இல்லை' என்கிறார்கள்: 12 லட்சமும் 75,000-மும். கவனியுங்கள், இங்கே ஸ்லாபில் வரி உண்டு. கணக்கில் அது வந்துவிட்டு, பிறகு மொத்தமாகத் தள்ளுபடி ஆகிறது. 12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினால் தள்ளுபடி முழுசும் போய்விடும். ஒரு ரூபாய்க்காக 60,000 கட்டச் சொல்வது அநியாயம் என்பதால், சட்டம் ஒரு மெத்தை போட்டிருக்கிறது: 12 லட்சத்தை எவ்வளவு தாண்டினீர்களோ, வரி அதைவிட அதிகமாகக் கூடாது. இதற்கு மார்ஜினல் ரிலீஃப் என்று பெயர்.

கேட்க நன்றாக இருக்கிறது. இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். தாண்டிய தொகை முழுவதும் வரி. தாண்டியது 10,000 என்றால் வரி 10,000. அதன்மேல் செஸ் 400. ஆக, அந்த இடத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் நாலு காசு போகிறது!

அண்ணனின் கணக்கு இது. ஓ.டி. இல்லாமல் வருஷத்துக்கு 12,60,000. கழிவு போக 11,85,000, ரிபேட்டுக்குள், வரி பூஜ்யம். மார்ச் வரை ஓ.டி. பார்த்தால் இன்னும் 60,000 வரும் என்றார். அப்போது 13,20,000, கழிவு போக 12,45,000. ஸ்லாப்படி வரி 66,750, ஆனால் ரிலீஃப் அதை 45,000-இல் நிறுத்துகிறது. செஸ்ஸோடு 46,800. ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் நின்று உழைத்த 60,000-இல் வீட்டுக்கு வருவது 13,200.

அவர் ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவனுங்க சொன்னது கரீட்டு தானே?" இல்லை அண்ணே, ஸ்லாப் மாறியதால் இல்லை, ரிபேட் போனதால் என்றேன். பணம் போகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒன்று இல்லை. ஸ்லாப்தான் காரணம் என்றால் எல்லா ஸ்லாபிலும், எல்லா வருஷமும் இப்படி நடக்க வேண்டும். நடப்பதில்லை. இந்தப் பள்ளம் இருப்பது ஒரே இடத்தில்: சம்பளம் 12,75,000-க்கும் ஏறத்தாழ 13,49,000-க்கும் நடுவில். இரண்டு முனையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,75,000 வாங்குகிறவருக்கு வரி இல்லை, முழுசும் கையில். 13,49,000 வாங்குகிறவர் செஸ்ஸோடு 73,944 கட்டுகிறார், கையில் 12,75,056. எழுபத்து நாலாயிரம் அதிகம் சம்பாதித்ததற்குப் பரிசு 56 ரூபாய். நடுவில் 13,45,000 வாங்குகிறவர் நிலைமை இன்னும் மோசம். 72,800 கட்டிவிட்டு 12,72,200-இல் நிற்கிறார். அதாவது, இன்க்ரிமென்ட் கிடைக்காத பக்கத்து நாற்காலிக்காரரைவிட 2,800 ரூபாய் குறைவு.

பள்ளத்தைத் தாண்டிவிட்டால் எல்லாம் சகஜம். அடுத்த வருஷம் அண்ணனுக்கு ஊதிய உயர்வு வந்து, சம்பளமே பதினாலரை லட்சம் ஆகிவிட்டால், இதே விதிகளில் அதே 60,000 ஓ.டி.க்கு 9,360 போக 50,640 கையில் நிற்கும். இந்த வருஷம் அவர் ஓ.டி. பார்த்தால் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் செய்கிற ஊழியம். அடுத்த வருஷம் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் டீக்கடையில் ஒருவருக்கு ஒரு வருஷம் நடந்ததை எல்லோருக்கும் எப்போதும் நடப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பது லட்சம் வாங்குகிற ஃபிட்டரும் அதைக் கேட்டுவிட்டு ஓ.டி. வேண்டாம் என்கிறார். அவருக்கு ஒரு பைசா வரி வராது.

பள்ளத்தில் இருக்கிறவர்களுக்குப் புதிய முறையில் இருக்கும் வழிகள் குறைவு. 80சி எனும் சேமிப்புக் கழிவு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வாடகைப் படி எதுவும் அங்கே செல்லாது. மிச்சம் இருப்பது, நாம் போடாமல் கம்பெனி நம் பெயரில் என்.பி.எஸ். எனும் ஓய்வூதியத் திட்டத்தில் போடும் பணம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 14 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். அண்ணன் விஷயத்தில் 45,000 அப்படிப் போனால் வரி பூஜ்யம். அறுபது வயது வரை பெரும்பாலும் கைவைக்க முடியாத பணம்தான். ஆனாலும் வரியாகப் போவதற்குப் பதில் அங்கே உட்கார்ந்திருக்கலாம். கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரலிலேயே கேட்டிருந்தால் எளிது. ஜனவரியில் கேட்டால் ஹெச்.ஆரில் முறைப்பார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் எந்தத் தொகையில் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கிக் கணக்கில் மாதம் விழுவதைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு வருவார்கள். அது பி.எஃப். பிடித்தம் போன பிறகு வந்த தொகை. புதிய முறையில் நம் பங்கு பி.எஃப்.க்குக் கழிவு கிடையாது. தொழில் வரியும் அப்படியே. மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் அந்தத் தொகை வருஷத்துக்கு 2,500-ஐத் தாண்டக்கூடாது என்று அரசமைப்புச் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது, ஆனால் கழிவு பழைய முறையில் மட்டும். இன்னொரு கூட்டம், வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த சி.டி.சி. தொகையை, அதாவது நமக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவைச் சொல்லும். அதில் கம்பெனியின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் கலந்திருக்கும். இரண்டும் வேண்டாம். சம்பளச் சீட்டில் பிடித்தத்துக்கு முன்னால் இருக்கும் கிராஸ் தொகை, அதோடு தீபாவளி போனஸ், ஓ.டி., அரியர்ஸ். பிறகு ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி. வங்கி 10 சதவீதம் பிடித்துவிட்டதே என்பார்கள். அது முன்பணம், அவ்வளவுதான். உங்கள் ஸ்லாப் 15 என்றால் பாக்கியைக் கட்டியாக வேண்டும். பங்குகளை ஒரு வருஷத்துக்குள் விற்று வந்த லாபம் தனிக் கணக்கு: 20 சதவீதம், ரிபேட் அதைத் தொடாது. மொபைலில் டிரேடிங் செய்கிற தம்பிகள் "நமக்குதான் பன்னிரண்டு லட்சம் வரைக்கும் இல்லையே" என்று சொல்லும்போது நான் தொண்டையைச் செருமுவேன்.

பழைய முறை யாருக்கு லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு அளவுகோல். 15 லட்சம் சம்பளத்தில் புதிய முறையின் 93,750-ஐப் பழைய முறை தோற்கடிக்க வேண்டும் என்றால், 50,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போக இன்னும் 5,43,750-க்கு மேல் கழிவு காட்ட வேண்டும். 80சி-யில் ஒன்றரை லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 25,000, சொந்த என்.பி.எஸ். 50,000 எல்லாம் நிரப்பினாலும் 4,25,000தான். மிச்சத்துக்கு எச்.ஆர்.ஏ., அதாவது வாடகைப் படிச் சலுகை வேண்டும். அங்கேதான் வடசென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் தாத்தா காலத்து வீட்டில், ஆளுக்கொரு அறையாகப் பிரித்துக்கொண்டு இருப்பவர்கள், வாடகையே கிடையாது. வாடகை கொடுப்பவர்களுக்கும், அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்த பிறகுதான் சலுகை. அடிப்படை 50,000, வாடகை 12,000 என்றால் மாதம் 7,000, வருஷத்துக்கு 84,000. ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய வாடகை கொடுப்பவருக்கு வேலை செய்கிற கணக்கு கொருக்குப்பேட்டையில் வேலை செய்யாது. அப்பாவிடம் வாடகை ரசீது எழுதி வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். உண்மையிலேயே கொடுத்து, அப்பாவும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால் கொடுக்கலாம். காகிதத்துக்கு மட்டும் என்றால் என்னிடம் கேட்காதீர்கள்.

75,000 எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் இன்ஜினியர் பையன்களுக்கு மாதாமாதம் பணம் வரும், டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், சம்பளம் மாதிரியே தெரியும். வருஷக் கடைசியில் வரும் வரிப் பிடித்தச் சான்று ஃபார்ம் 16-ஆ, 16ஏ-வா என்று பாருங்கள். 16ஏ என்றால் அது சம்பளம் இல்லை. எல்லை 12 லட்சம்தான், பன்னிரண்டே முக்கால் இல்லை. எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்களுக்கும் அப்படியே. அவர்கள் உலகம் வேறு, விற்றுமுதலில் சதவீதம் காட்டுகிற முறை.

பெரம்பூர் பக்கம் ரயில்வே பென்ஷன் வராத தெரு குறைவு. பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கும்வரை அது சம்பளக் கணக்கு, 75,000 உண்டு. அவர் போன பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 'இதர வருமானம்' ஆகிவிடுகிறது. புதிய முறையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழிவு. குடும்பத்தில் ஒருவர் குறைந்த நேரத்தில் கழிவும் குறைகிற இந்த ஏற்பாட்டுக்கு எனக்கு இன்றுவரை நியாயம் தெரியவில்லை. தொகை சின்னது என்பதால் பெரும்பாலும் வரி வராது. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைப் பல அத்தைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

கடைசியாக என் தங்கை மகன். செப்டம்பர் வரை ஒரு கம்பெனியில் மாதம் ஒரு லட்சம். அக்டோபரில் வேறு கம்பெனி, 1,40,000. முதல் கம்பெனி வருஷத்துக்கு 12 லட்சம் என்று மதிப்பிட்டு வரி பிடிக்கவில்லை; அவர்கள் கணக்கு சரி. இரண்டாவது கம்பெனி ஆறு மாதத்துக்கு 8,40,000 என்று பார்த்தது, 75,000-ஐக் கழித்தது, ரிபேட் கொடுத்தது, அவர்களும் பிடிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தவரை அதுவும் சரி. "ரெண்டு கம்பெனியும் பூஜ்யம்னு சொல்லிட்டாங்க பெரிம்மா" என்றான். இரண்டையும் சேர்த்தால் 14,40,000. 75,000 ஒரு ஆளுக்கு வருஷத்தில் ஒரு முறைதான். மிச்சம் 13,65,000, வரி 84,750, செஸ்ஸோடு 88,140. பூஜ்யமும் பூஜ்யமும் கூடி 88,140.

ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது தெரிந்திருந்தால் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது ஜனவரி, பழைய கம்பெனிச் சம்பள விவரத்தை ஃபார்ம் 12பி-யில் எழுதிப் புதுக் கம்பெனியில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று சம்பளம் பாக்கி இருக்கிறது, மாதம் 29,380 பிடிப்பார்கள். மார்ச்சில் புல்லட் எடுப்பதாக இருந்தான். ஜூனுக்குத் தள்ளிவிட்டான்.